கோச்சடைக்கு முதல் நடை

சார்,

இன்று வேனைக் கழுவும்போது இடதுபக்க இருக்கைக்கு அடியில் உங்கள் பென்சில் கிடைத்தது. பின்முனையில் நீங்கள் கடித்த தடம் அப்படியே இருக்கிறது. நீங்கள் போயே இரண்டு வருஷம் ஆகிவிட்டது. இத்தனை நாள் அது அங்கேயே கிடந்தது என்றால், நான் வேன் கழுவுகிற லட்சணத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பத்தாவதை இரண்டு தவணையில் பாஸ் செய்தவன் நான். மாட்டுத்தாவணி பூச்சந்தையில் பூ ஏற்றி இருபது கடைகளில் இறக்குவது பிழைப்பு. எந்த வரிசையில் போனால் சுற்று குறையும் என்று கண்டுபிடிக்கத்தான் என் மகள் உங்களிடம் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தாள். "இதுக்கா டாக்டர் பட்டம்? நான் பல்லு வெளக்காமயே செய்வேனே" என்று சிரித்தேன். இருபது கடையை எத்தனை விதமாக வரிசைப்படுத்தலாம் என்று அவள் எழுதிக் காட்டிய எண், நோட்டில் ஒரு வரி முழுக்க ஓடியது. அப்போதும் நான் வாயை மூடவில்லை.

நாலாம் வருஷம், அவளுடைய கம்ப்யூட்டர் போட்ட வரிசையில் ஒருநாள் ஓட்டிப் பார்த்தேன். பதினோரு கிலோமீட்டர் மிச்சம். ஆனால் கடைசியாகப் போன கோச்சடையில், பூக்கடை ராக்கு அக்கா என்னை வெளுத்து வாங்கிவிட்டார். அந்தக் கோபத்தை வீட்டில் இறக்கினேன்.

"நாலு வருஷம் படிச்சு, அப்பனுக்கு ஏச்சு வாங்கிக் குடுத்ததுதான் மிச்சம்."

அன்று ராத்திரியே அவள் மெயிலில் ஆராய்ச்சியை விடுவதாக உங்களுக்குக் கடிதம் அனுப்பிவிட்டாள்.

மறுநாள் விடியற்காலை மாட்டுத்தாவணியில் உங்கள் ஸ்கூட்டர் நின்றது. "அண்ணே, ஒங்க போக்குலயே ஓட்டுங்க. நான் வாயத் தொறக்க மாட்டேன்" என்று மூட்டைகளுக்கு நடுவே ஒடுங்கி உட்கார்ந்தீர்கள். வழக்கம்போல் வழியிலுள்ள கடைகளை எல்லாம் தாண்டி, முதலில் கோச்சடைக்கு விட்டேன்.

"இங்கன ஏன் மொதல்ல?" என்று ராக்கு அக்காவிடம் கேட்டீர்கள்.

"மத்த கடையில கட்டுறதுக்கு நாலு பேரு இருக்காக. நான் ஒத்த ஆளு. எட்டு மணிக்கு ஆபீஸ் போற பொம்பளைக வந்து நிப்பாக. அதுக்குள்ள கட்டணும்ல? ஒங்க கம்ப்யூட்டரு வந்து கட்டுமா?"

என் பக்கம் திரும்பினீர்கள். "இத ஏண்ணே புள்ளைகிட்ட சொல்லல?"

"இதெல்லாமா சார் சொல்லுவாக? எல்லாருக்கும் தெரிஞ்சதுதான."

"எங்களுக்குத் தெரியாதுண்ணே."

பூ மடிக்கும் காகிதத்தில் இந்தப் பென்சிலால் எதையோ குறித்தீர்கள். அங்கிருந்தே அவளுக்குப் போன் போட்டீர்கள். "ஒன் கணக்கு சரிதாம்மா. அதுல ராக்கு அக்கா மட்டும் இல்ல. சேத்து எழுது. அந்த லெட்டர நான் இன்னும் படிக்கல."

எழுதினாள். பட்டம் வாங்கியதை நீங்கள் பார்த்தீர்கள். கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்ததைப் பார்க்க நீங்கள் இல்லை.

நேற்று அவள் போன் செய்தாள். "அப்பா, எங்கிட்ட ஆராய்ச்சி பண்ற பொண்ணு போட்ட வரிசை கடைக்காரவுகளுக்குச் சரிப்படலயாம். ரொம்ப ஒடஞ்சு போயிட்டா. நாளைக்கு வண்டில எடம் இருக்கா?"

இருக்கிறது, சார். நீங்கள் ஒடுங்கி உட்கார்ந்ததைப் பார்த்த நாளிலிருந்து அந்த இருக்கையில் நான் மூட்டை ஏற்றுவதில்லை. பென்சிலையும் சீவி முன்னால் வைத்திருக்கிறேன். கடிக்கக் கூடாது என்று மட்டும் அந்தப் பிள்ளையிடம் சொல்லிவிடுவேன்.