கட்டணம் வேண்டாம், அசனம் போடுங்கள்

மார்ச் 9, 1976

கமிட்டிக் கூட்டம். எங்கள் முதியோர் இல்லத்துக்கு இத்தனை வருஷமாகப் பணம் அனுப்பிவந்த வெளிநாட்டுச் சபை ஆகஸ்டோடு நிறுத்திக்கொள்கிறதாம். பொருளாளர் ரோச் அண்ணாச்சி மேசையைத் தட்டினார். "இனி தலைக்கு இவ்வளவுன்னு மாசக் கட்டணம் வாங்குவோம். மகன்மாரு பம்பாயிலயும் கப்பல்லயும் சம்பாதிக்கானுவ, பெத்தவளுக்குக் கட்ட மாட்டானுவளா? இல்லேன்னா ஆகஸ்டோட பூட்டிர வேண்டியதுதான்."

எனக்கும் சரியாகத்தான் பட்டது. மேட்ரன் நான்தானே, வாசலில் கட்டணப் போர்டை நானே மாட்டினேன்.

மார்ச் 21

ஒருவரும் கட்டவில்லை.

மார்ச் 28

ஆக்னஸம்மாவின் மகன் இனிகோ வந்தான். துறைமுகத்தில் நல்ல வேலை. சண்டைக்கு வந்தவன் மாதிரி நின்றான். "காசு கொடுத்து அம்மாவ வெளிய தள்ளிட்டான்னு ஊரே பேசும். எனக்கு மானம் இல்லையா? அவ எங்க வீட்டுலயே இருக்கட்டும்."

பகலில் வீட்டில் யாரும் இல்லையே என்றேன். அது எங்க பாடு என்றான். ரிக்‌ஷாவில் ஏறும்போது ஆக்னஸம்மா என்னைப் பார்க்கவே இல்லை.

எரிச்சலாக வருகிறது. இலவசமாக இருந்தவரை மாதா புண்ணியம், காசு என்றதும் மானம் போய்விடுமா? ஆனால் அவளை வெளியே அனுப்பியது என் போர்டுதான். அதை யாரிடம் போய்ச் சொல்ல?

ஏப்ரல் 11

மில்லர்புரத்தில் இனிகோ வீட்டுக்குப் போய் ஆக்னஸம்மாவைப் பார்த்தேன். குளிக்கிற இடத்தில் வழுக்கி விழுந்து நெற்றியில் தையல். யாரும் வரும்வரை தரையிலேயே கிடந்திருக்கிறாள். "இங்கன பேச்சுத்துணைக்கு ஆளில்ல மேட்ரன். நான் எப்ப அங்கன வாரது?"

ஆகஸ்டுக்கு அப்புறம் 'அங்கன' என்று ஒன்று இருக்குமா? கொண்டுபோன பழத்தை அவள் பக்கத்தில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். சே.

மே 2

பெரியதாழை ஜேசுபாதம் இன்று இல்லத்தில் அசனம் போட்டார். நடுக்கடலில் படகு உடைந்து பிழைத்து வந்தவர். ஏழைகளுக்குச் சோறு போடுவதாக அந்தோனியாருக்கு நேர்ந்திருந்தாராம். அரிசி மூட்டை, கிடா, சமையல்காரர் எல்லாம் அவரே கொண்டுவந்தார். தன் கையாலேயே பரிமாறினார். குடும்பமே எங்கள் கிழங்களோடு பந்தியில் உட்கார்ந்தது.

இதே மனிதர்தான் போன மாதம் இங்கிருக்கும் தன் மாமனாருக்குக் கட்டணம் கேட்டபோது கையை விரித்தவர்!

போகும்போது சொல்கிறார்: "வருசா வருசம் இந்த நாளு எனக்குத்தான் மேட்ரன். வேற யாருக்கும் கொடுத்திராதீங்க."

கொடுத்துவிடக் கூடாதாமே! அடி கூறுகெட்டவளே என்று என்னையே திட்டிக்கொண்டேன். கட்டணம் கட்டினால் தாயைக் கைவிட்டவன். அசனம் போட்டால் ஊர் மெச்சும் பிள்ளை. பணம் அதே பணம்தான்.

மே 5

போர்டைக் கழற்றிவிட்டேன். கமிட்டியில் கேட்டுக்கொண்டெல்லாம் செய்யவில்லை. கழற்றிவிட்டுத்தான் சொன்னேன். இனி நாளுக்கு ஒரு குடும்பத்தின் அசனம். அதிலேயே அன்றைய மருந்து, சோப்பு, ஆயா சம்பளம், கரண்ட் எல்லாம் அடக்கம்.

ரோச் அண்ணாச்சி சிரித்தார். "அசனத்துல கரண்ட் பில்லா? இது தர்மம், யாவாரம் இல்ல."

"வெளக்கு இல்லாம எப்படி அண்ணாச்சி சாப்பிடுவாவ?"

பங்குச் சாமியார் வாய்விட்டுச் சிரித்தார். ஞாயிறு பூசையில் அறிவிப்பதாகச் சொல்லியிருக்கிறார். மாதாவே, நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மே 9

பூசை முடிந்ததும் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். தகப்பனார் இறந்த நாள் எனக்குத்தான் என்று அண்ணனும் தம்பியும் கோயில் வாசலிலேயே சட்டையைப் பிடிக்காத குறை. ஒருவனுக்கு மதியம், ஒருவனுக்கு இரவு என்று பிரித்துவிட்டேன். கரண்ட் எதற்கு என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு இனிகோ தயங்கித் தயங்கி வந்தான். "மேட்ரன்... அந்தோனியார் திருநாளு யாருக்கும் கொடுத்துட்டீகளா?"

இல்லை என்றேன். கொடுத்திருந்தாலும் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன்.

ஜூன் 13

இனிகோவின் அசனம். அம்மாவை டாக்சியில் கூட்டிவந்து பந்தியில் முதல் ஆளாக உட்காரவைத்து, முதல் சோறு அவளுக்கே போட்டான். "எங்கம்மா இங்கனதான் இருப்பா. இன்னைக்கு அசனம் எங்க வீட்டுது!" தெருவில் போகிறவனுக்கும் கேட்கிற சத்தத்தில் சொன்னான்.

"கொழம்புல உப்பு பத்தலலே," என்றாள் ஆக்னஸம்மா.

எல்லோர் முன்னாலும் அழுதுவிட்டேன். சந்தோஷத்தில்தான். அவள் கட்டிலில் புதுப் போர்வை விரித்தேன்.

ஆகஸ்ட் 6

பனிமய மாதா திருவிழா நேற்றோடு முடிந்தது. திருவிழாவுக்கு ஊர் வந்தவர்கள் மிச்சமிருந்த நாட்களையும் பிடித்துக்கொண்டுதான் ரயிலேறினார்கள்.

சாயங்காலம் ரோச் அண்ணாச்சி வந்தார். காபி குடித்தார். மழையைப் பற்றிப் பேசினார். கடைசியில் விஷயத்துக்கு வந்தார். நவம்பரில் அவர் மனைவியின் நினைவு நாள். அன்றைக்கு அசனம் போட வேண்டுமாம்.

"நவம்பர் ஆத்துமாக்கள் மாசம்லா அண்ணாச்சி. செத்தவுக பேருல எல்லாரும் கேட்டு, பூராவும் போயிட்டு."

"ஏளா, நான் பொருளாளர்!"

"தெரியும் அண்ணாச்சி. அடுத்த வருசம் நவம்பருக்கு எழுதிக்கிடட்டுமா?"

எழுந்து வேட்டியை இறுக்கிக் கட்டினார். பிறகு, "எழுது. வேற எவனும் கேட்டு வந்தா கொடுத்திராத," என்றார்.

ஆகஸ்டோடு பூட்டிவிடலாம் என்றவர், அடுத்த வருஷத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டுப் போகிறார்.