‘வாரேன்’ என்று எழுதிய ரிப்பேர் கப்பல்

சேசு மரி சூசை துணை

மேட்டுப்பட்டி, திண்டுக்கல்
22-3-2009, ஞாயிறு

அன்பு மகன் பிரபுவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் மூட்டு வலி, சர்க்கரை எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டு ஆண்டவர் புண்ணியத்தில் நடமாடிக்கொண்டிருக்கிறோம். உன் சுகம் எப்படி என்று வழக்கமாக இந்த இடத்தில் கேட்பேன், இந்தத் தடவை கேட்கப் போவதில்லை, உன் சுகம் எனக்குத் தெரியும், எப்படித் தெரியும் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்ல முடியாது, நீ இரண்டு நிமிஷத்தில் வைத்துவிடுவாய். மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். நடுவில் எழுந்து கேட்டைப் பூட்டப் போனேன், பூட்டித்தான் இருந்தது. அடுப்பில் பால் வைத்திருக்கிறேனோ என்று போய்ப் பார்த்தேன், அடுப்பே பற்றவைக்கவில்லை. அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு, ஏன் இப்படிக் குட்டி போட்ட பூனையாட்டம் அலையுற, செத்த நேரம் ஒரு எடத்துல உக்காரேன் என்று சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு கடைவீதிக்குக் கிளம்பிவிட்டார். அதனால் இப்போது உட்கார்ந்துவிட்டேன்.

நீ 2007 கிறிஸ்மஸுக்கு வந்திருந்தபோது ஹாலில் இருக்கிற கம்ப்யூட்டரில் ஒரு ஆகாயக் கப்பல் விளையாட்டை ஏற்றிவைத்து லீவு பூராவும் அதன் முன்னாலேயே உட்கார்ந்திருந்தாய். சோறு ஆறுகிறது என்று நான் சத்தம் போட்டதற்கு, இரும்மா, முப்பது பேரு என்னைய நம்பி நிக்கிறாங்க என்றாய். எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது, அம்மா போட்ட சோற்றைவிடப் பெரிய அந்த முப்பது பேர் யார் என்று. நீ திரும்பிப் போன பிறகு போன் குறைந்துகொண்டே வந்தது. போன வருஷம் ஜூன் மாதம் ஒரு நாள், பேகம்பூரில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிற கிதர் முகம்மதுவை வரச்சொல்லி, இந்த விளையாட்டில் எனக்கு ஒரு பெயர் பதிந்து கொடுங்கள் என்றேன். அவர் அப்பாவைப் பார்த்தார், அப்பா என்னைப் பார்த்தார். அக்கா, இது சீட்டு அடுக்குற வெளையாட்டு இல்ல, ஒலகம் பூராவும் ஆளுக கப்பல் கப்பலா வந்து ஒருத்தரை ஒருத்தர் அடிச்சுக்கிறது, உங்களுக்கு எதுக்கு என்றார். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருபத்தெட்டு வருஷம் காதில் ஹெட்செட்டோடு ஆறு லைனை ஒரே நேரத்தில் சமாளித்தவள், இது என்னை என்ன செய்துவிடும் என்றேன். விளையாட்டில் உன் கூட்டத்தின் பெயர் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் நீ எழுதி வைத்த சீட்டில் இருந்தது. புதிதாகச் சேருகிறவர்களுக்கு வாராவாரம் நீதான் சண்டை சொல்லிக் கொடுக்கிறாய் என்பது உள்ளே போன பிறகுதான் தெரிந்தது. டொரோண்டோவில் உனக்குச் சனிக்கிழமை ராத்திரி, எனக்கு ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி. முதல் பூசையை விட்டுவிட்டு இரண்டாம் பூசைக்குப் போக ஆரம்பித்தேன், சாமியாரிடம் மூட்டு வலி என்று சொல்லியிருக்கிறேன், அது பாதி உண்மைதான்.

முதல் நாள் நாற்பது விநாடியில் என் கப்பல் போய்விட்டது. எதிரே சிவப்பு நிறத்தில் ஒருவன் வந்தான், வந்தவனுக்கு ஒரு மரியாதை வேண்டாமா என்று குட்மார்னிங் டைப் அடித்துக்கொண்டிருந்தேன், அதற்குள் சுட்டுவிட்டான். நீ இங்கிலீஷில் பொறுமையாகச் சொன்னாய், கப்பல் போகத்தான் செய்யும், போனதை நினைக்காதீர்கள், ஏன் போனது என்று பாருங்கள் என்று. ஏலே, எனக்கு செல்போனில் மெசேஜ் அனுப்பக் கற்றுக்கொடுத்தபோது இந்தப் பொறுமையை எங்கே வைத்திருந்தாய். அப்புறம் ஒவ்வொன்றாகப் படித்தேன். தலைவன் பெயர் சொல்கிற கப்பலை மட்டும் எல்லோரும் சேர்ந்து அடிக்க வேண்டும், ஆளுக்கு ஒன்றை அடித்தால் ஒன்றும் விழாது. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிற கூட்டம் மாதிரி முன்னால் போகிறவரை விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும், பின்தங்குகிறவனைத்தான் எதிரி முதலில் பிடிப்பான். தலைவன் பேசும்போது மற்றவர்கள் வாய் திறக்கக் கூடாது, கேட்டால் மட்டும் ஒரு வார்த்தையில் பதில். இந்தக் கடைசிப் பாடம் நான் எக்ஸ்சேஞ்சிலேயே படித்தது. தீபாவளிக்குள் என்னை ரிப்பேர் கப்பலில் ஏற்றிவிட்டாய். அடிபடுகிற நம் கப்பல்களுக்குப் பின்னால் நின்று அவற்றின் ஓட்டையை அடைத்துக்கொண்டே இருக்கிற வேலை. சுடுவதைவிட எனக்கு அது பிடித்திருந்தது. மைக்கில் மட்டும் பேசவே மாட்டேன், பேசினால் குரலை வைத்து நீ கண்டுபிடித்துவிடுவாய், மைக் கெட்டுவிட்டது என்று ஒன்பது மாதமும் டைப் அடித்தே ஓட்டினேன்.

விளையாட்டில் என் பெயர் ட்ரங்க்கால். அது என்ன, யானைத் தும்பிக்கையா என்று போலந்துக்காரர் மரெக் ஒரு தடவை கேட்டார். நீ சிரித்துவிட்டு, அந்தக் காலத்தில் வெளியூருக்குப் பேச வேண்டும் என்றால் எக்ஸ்சேஞ்சில் பதிந்துவிட்டுக் காத்திருக்க வேண்டும், எங்கள் அம்மா அந்த வேலைதான் பார்த்தார்கள், ஊரில் பாதிப் பேருக்கு நல்லது கெட்டது அவர்கள் கை வழியாகத்தான் போனது என்று சொன்னாய். நாற்பது பேருக்கு முன்னால் சொன்னாய். அதைக் கேட்டுக்கொண்டே இரண்டு கப்பலை அடிபட விட்டுவிட்டேன். என்ன ஆயிற்று என்று கேட்டாய், லைன் சரியில்லை என்று எழுதினேன்.

இனித்தான் எழுதக் கஷ்டமானது. பொங்கல் கழிந்த ஞாயிறு சண்டை முடிந்து எல்லோரும் போன பிறகு நீயும் மரெக்கும் மட்டும் பேசிக்கொண்டிருந்தீர்கள். நான் கம்ப்யூட்டரை அணைத்திருக்க வேண்டும், அணைக்கவில்லை. வேலை போய் மூன்று மாதம் ஆகிறது, ஒரு கோடவுனில் பெட்டி தூக்குகிறேன், வீட்டைக் காலி செய்துவிட்டுத் தரைக்கு அடியில் ஒரு ரூமுக்கு வந்துவிட்டேன், ஊரில் யாருக்கும் தெரியாது, அம்மாவுக்கு என் ஹலோவிலேயே தெரிந்துவிடும் என்பதால்தான் இரண்டு நிமிஷத்துக்கு மேல் பேசுவதில்லை என்று சொன்னாய். போலந்துக்காரருக்குத் தெரியலாம், பெற்றவளுக்குத் தெரியக் கூடாது. எனக்கு முதலில் கோபம் வந்தது, பிறகு அழுகை வந்தது, அழுது முடித்ததும் திரும்பவும் கோபம். உன்னிடம் கேட்டுவிடலாம் என்றால் எக்ஸ்சேஞ்சில் முதல் நாள் சூப்பர்வைசர் அம்மா சொன்னது குறுக்கே நின்றது, காதுல விழுந்தது காதோட, வாய்க்கு எறங்கக் கூடாது. ஒரு தடவை பக்கத்து வீட்டு வியாகுலம்மாளின் மகளை வேண்டாம் என்று மாப்பிள்ளை வீட்டார் மதுரைக்குப் பேசியது லைனில் என் காதில் விழுந்தது. அன்று சாயங்காலம் அவர் நிச்சயத்துக்கு எடுத்த சேலையை விரித்துக் காட்டினார், கலர் நல்லா இருக்குக்கா என்று சொல்லிவிட்டு வந்தேன். அப்படிப்பட்டவள் உன் விஷயத்தையும் விழுங்கிக்கொண்டேன், ஆனால் செரிக்கவில்லை. சோற்றில் கை வைத்தால் நீ என்ன சாப்பிட்டாயோ என்று இருக்கிறது. பத்து நாளைக்கு ஒரு தடவை வருகிற குழாய்த் தண்ணீரைப் பிடிக்கக் குடத்தை வைத்துவிட்டு நின்றுவிடுகிறேன், தண்ணீர் வாசல் தாண்டித் தெருவுக்குப் போகிறது.

அந்த நிலையில்தான் மார்ச் முதல் ஞாயிறு வந்தது. நீ முப்பத்தெட்டுக் கப்பலோடு, ஒரு மண்டலத்திலிருந்து அடுத்ததுக்குத் தாவுகிற வாசல் ஒன்றில் நின்றாய், எதிரிகள் அதைப்போல் இரண்டு மடங்கு, என் ரிப்பேர் கப்பல் இரண்டு வாசல் பின்னால். ஓடுவதா நிற்பதா என்று நீ யோசித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து இங்கே கரண்ட் போனது. யுபிஎஸ் கீ கீ என்று கத்த ஆரம்பித்தது, பழைய பேட்டரி, ஒரு நிமிஷம்கூடத் தாங்காது. சண்டையில் யாரும் சொல்லாமல் போகக் கூடாது என்பது நீ எடுத்த பாடம். அவசரமாக ஒரு வார்த்தை அடித்தேன். கமிங். ஏம்ப்பு, சண்டையில் நிற்கிற பிள்ளையிடம் போறேன் என்று நான் எப்படிச் சொல்வேன். உப்பு வாங்கக் கடைக்குப் போகும்போதுகூட நம் வீட்டில் யாரும் அப்படிச் சொன்னதில்லை, போயிட்டு வாரேன், அவசரம் என்றால் வெறும் வாரேன். என் கை அதைத்தான் இங்கிலீஷில் அடித்தது. ஸ்கிரீன் அணைகிறதற்கு முன்னால் கடைசியாக உன் குரல், யாரும் ஓட வேண்டாம், ரிப்பேர் கப்பல் வருகிறது, இரண்டு நிமிஷம் தாங்குங்கள். நான் வரலடா, ஓடுடா, ஓடுடா என்று அந்தக் கறுப்பு ஸ்கிரீனைப் பார்த்துக் கத்தினேன். அப்பா பின்கட்டிலிருந்து ஓடி வந்தார்.

ஒன்றரை மணி நேரம் கழித்துக் கரண்ட் வந்தது. முப்பத்தெட்டில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. நீ ட்ரங்க்காலுக்கு எழுதியது காத்திருந்தது, ஒன்பது மாதம் நீ ஏன் வாய் திறக்கவில்லை என்று இப்போது புரிகிறது, நீ எதிரியின் ஆள், ஒட்டுக் கேட்க வந்தவன், இனி இந்தப் பக்கம் வராதே. கூட்டத்திலிருந்து என் பெயரையும் எடுத்துவிட்டாய். தலைவன் என்றால் அப்படித்தான் செய்ய வேண்டும், உன்மேல் எனக்கு வருத்தம் இல்லை. எனக்குச் சுருக்கென்று குத்தியது, நீ சொன்னதில் பாதி சரி. எதிரியின் ஆள் இல்லை, ஆனால் ஒட்டுக் கேட்க வந்தவள்தானே. மறுநாள் நீ போன் பண்ணினாய், ஏம்ப்பு குரல் ஒரு மாதிரி இருக்கு என்றேன், சளிம்மா என்றாய். அந்தச் சளி நான் கொடுத்தது என்று சொல்ல வாய் வரவில்லை. அந்த முப்பத்தெட்டுப் பேரிடமும் எனக்காகச் சொல், அது துரோகம் இல்லை, எங்கள் ஊரில் கிளம்புகிறவர்கள் அப்படித்தான் சொல்வார்கள் என்று. மூன்று ஞாயிறாக ஏழு மணிக்குக் கால் தானாக அந்த நாற்காலிக்குப் போகிறது, உட்கார்ந்து எழுந்து உட்கார்ந்து எழுந்து, கடைசியில் இரண்டாம் பூசைக்கும் நேரமாகிவிடுகிறது.

அப்பாவுக்கு உன் வேலை விஷயம் தெரியாது என்றுதான் அடுத்து எழுத வந்தேன். பங்குக் கோயிலில் யார் கேட்டாலும் மகன் டொரோண்டோவில் பெரிய கம்பெனியில் இருக்கிறான் என்று சொல்கிற மனுஷன், அவர் சந்தோஷத்தைக் கெடுப்பானேன், நீயே பக்குவமாகச் சொல் என்று. அதற்குள் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. அப்பாவும் கிதர் முகம்மதுவும் ஒரு புது பேட்டரியை இறக்கினார்கள். கிதர் முகம்மது போன பிறகு அப்பா தரையில் உட்கார்ந்து யுபிஎஸ்ஸில் அதை மாட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார், அவங்கிட்டப் பேசினா சொல்லு, வேலை போனது ஒண்ணும் கொலைக்குத்தம் இல்ல, பொட்டி தூக்குறதும் வேலைதான், எங்கப்பா தூக்காத மூட்டையா. பொங்கல் கழிந்த அந்த ஞாயிறு எனக்குக் காது வலி, ஹெட்செட் மாட்டாமல் ஸ்பீக்கரில் மெதுவாக வைத்திருந்தேன், அவர் கதவுக்குப் பின்னால் முகம் வழித்துக்கொண்டிருந்திருக்கிறார். பள்ளிக்கூட ஆபீசில் முப்பது வருஷம் இருந்தவருக்கு அந்த இங்கிலீஷ் புரியாதா. இரண்டு மாதமாக நான் அவரிடம் மறைத்தேன், அவர் என்னிடம் மறைத்தார், நீ இரண்டு பேரிடமும் மறைத்தாய். பெரிய கம்பெனி என்று பங்கில் சொன்னதெல்லாம் தெரிந்துகொண்டே சொன்னது. இனி இந்த வீட்டில் உனக்கு மறைக்க ஆள் இல்லை, அப்பு.

ஊருக்கு வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை, அது உன் முடிவு. இந்தக் கடிதம் பத்து நாளில் கிடைத்துவிடும். ஏப்ரல் ஐந்தாம் தேதி, குருத்து ஞாயிறு காலை நம் ஏழு மணிக்கு அப்பாவும் நானும் போன் பக்கத்திலேயே இருப்போம், கூப்பிடு. நல்லா இருக்கேன் என்று மட்டும் சொல்லாதே. ஆண்டவரும் மாதாவும் அந்தத் தரைக்கு அடி ரூமிலும் உனக்குக் காவல் இருக்கட்டும், அப்பாவும் நானும் உன் நெற்றியில் சிலுவை போட்டதாக நினைத்துக்கொள். ஒன்றை மறக்காதே, பெட்டி தூக்கும்போது முதுகை வளைக்காதே, முழங்காலை மடக்கித் தூக்கு.

இப்படிக்கு,
உன்னை ஒட்டுக் கேட்ட அம்மா,
சகாயசெல்வி