லோதாரின் ஜன்னல் பெட்டி

அன்புத் தம்பி லோதாருக்கு,

ரோஸ்விதா அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், பேக்கரி அடுப்பும் சுகம். உன் இதயம் எப்படி இருக்கிறது என்று உன்னைக் கேட்டால் பொய்தான் சொல்வாய் என்பதால் நர்ஸம்மாவிடம் கேட்டுக்கொண்டேன்.

அவர் நேற்று போனில் என் மானத்தை வாங்கிவிட்டார். "உங்க தம்பியும் இங்கயே தங்கியிருக்கிற அந்த வெள்ளரி ஊறுகாய்க் கம்பெனிக்காரரும் இந்த வருஷ மறுசுழற்சிக் கட்டணத்தைப் பத்திப் பேசிப் பேசியே பிரஷரை ஏத்திக்கிட்டாங்க. ரெண்டு பேரையும் வேற வேற மேஜையில உக்கார வெச்சுட்டோம்" என்றார். ஏனடா, ஆபரேஷன் முடிந்து கடற்கரை ஆஸ்பத்திரிக்கு உன்னை அனுப்பியது காற்று வாங்கவா, கட்டணம் பேசவா? வியாபாரப் பேச்சே கூடாது என்று டாக்டர் சொன்னாரே என்று நான் இத்தனை நாள் வாயைத் தைத்துக்கொண்டிருந்தேன். ஊறுகாய்க்காரர் உளறிய பிறகு மறைத்து என்ன பயன்? நானே சொல்லிவிடுகிறேன்.

ஆமாம், கட்டணம் மாறிவிட்டது. ஜனவரி பிறந்தால் வருகிற அதே தலைவலிதான். வாங்குகிறவர்கள் வீட்டுக் குப்பைத்தொட்டியில் போய் விழுகிற ஒவ்வொரு பெட்டிக்கும் விற்கிற நாம்தானே தண்டம் அழ வேண்டும்? இந்த முறை வெறும் அட்டைக்குக் கொஞ்சம் இறக்கிவிட்டு, பிளாஸ்டிக் ஒட்டிய அட்டைக்கு ஏகத்துக்கும் ஏற்றிவிட்டார்கள். அதாவது, உள்ளே இருப்பது தெரிய பிளாஸ்டிக் தாள் ஒட்டிய உன் ஜன்னல் பெட்டிக்கு. லெப்கூகன் என்கிற நம் மசாலாத் தேன் கேக்கின் முகத்தைப் பார்த்தால்தான் ஜனங்கள் வாங்குவார்கள் என்று அப்பாவோடு வருடக்கணக்கில் மல்லுக்கட்டி நீ வைத்த ஜன்னல். அதில் யாராவது கை வைத்தால் ஊருக்கே திரும்ப மாட்டேன் என்று நம் பேக்கிங் பெண்களை மேய்க்கும் கெர்லிண்டேவுக்கு நீ செய்தி அனுப்பியதும் தெரியும். பேக்கிங் அறையில் எல்லோருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினாள்.

படித்துக் காட்டியவளே கை வைத்தாள், கேள். தேநீர்ப் பையில்கூட நூலை ஒரு தொட்டியிலும் இலையை ஒரு தொட்டியிலும் பிரித்துப் போடுகிறவள் அல்லவா அவள்! "பிளாஸ்டிக்க நாமளே இங்க உரிச்சிட்டா அது நம்ம பேக்கரிக் குப்பை. வீட்டுக் குப்பைக் கணக்குல வராது. பெட்டி சுத்த அட்டை ஆயிடும், ரோஸ்விதா!" என்றாள். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. நானும் தலையாட்டித் தொலைத்தேன். கிடங்கில் மிச்சமிருந்த பெட்டிகளை எல்லாம் பெண்கள் உட்கார்ந்து பாட்டுப் பாடிக்கொண்டே உரித்தார்கள். ஜன்னல் போனது, ஓட்டை நின்றது.

சனிக்கிழமை தள்ளுபடி விற்பனை. ஓட்டையைக் கண்டால் குழந்தைகளின் விரல் சும்மா இருக்குமா? பெரியவர்கள் வரிசையில் நின்று ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்க, கேக்கின் மேல் கண்ணும் மூக்குமாகப் பதித்திருந்த பாதாம் பருப்பை எல்லாம் அதுகள் ஒவ்வொன்றாக நோண்டித் தின்றுவிட்டன. பாதிரியார் வீட்டம்மா பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, "என்ன ரோஸ்விதா, கண்ணும் மூக்கும் இல்லாத கேக்க என் தலையில கட்டுறீங்க?" என்று சண்டைக்கு நின்றார். பக்கத்தில் அவர் மகள் மென்றுகொண்டிருந்தாள். கெர்லிண்டே சும்மா இருப்பாளா? "கண்ணும் மூக்கும் உங்க பொண்ணு வாயில பத்திரமா இருக்கு, பாத்துக்குங்க" என்று போட்டாளே ஒரு போடு! நான் கல்லாவுக்குப் பின்னால் குனிந்து வயிறு வலிக்கச் சிரித்தேன். இதை உடனே உன்னிடம் சொல்ல முடியவில்லையே என்று நினைத்ததும் அழுகை வந்துவிட்டது. ஜலதோஷம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

இன்று காலை அச்சகக்காரர் கூப்பிட்டார். புதுப் பெட்டிக்கு ஜன்னல் உண்டா இல்லையா என்று கேட்டார். தம்பி வந்து சொல்வான் என்றேன். "அவரு வரலேன்னா நீங்களே முடிவு பண்ணிடுங்களேன்" என்றார். பாவம், சாதாரணமாகத்தான் சொன்னார். 'வரலேன்னா' என்ற அந்த ஒரு வார்த்தையைக் கேட்டதும் போனை வைத்துவிட்டேன்.

கேள் லோதார். கட்டணம் அடுத்த வருடமும் மாறும், அதற்கடுத்த வருடமும் மாறும். எனக்கு இருப்பது ஒரே தம்பி. ஜன்னல் வேண்டுமா, வைத்துக்கொள். கதவும் தாழ்ப்பாளும் வேண்டுமென்றாலும் வைப்போம், தண்டத்தை நான் அழுகிறேன். மாத்திரையை ஒழுங்காகப் போடு. நல்லபடியாக வந்து, உன் வாயாலேயே அச்சகக்காரருக்குப் பதில் சொல். அதுவரை நான் அவர் போனை எடுக்கப் போவதில்லை.

கடவுள் உன் நெஞ்சுக்குப் பலம் கொடுக்கட்டும்.

வழிபார்த்திருக்கும்
அக்கா ரோஸ்விதா