ஆண் பகுதி உனக்கு, பெண் பகுதி எனக்கு

ஹெட்போனின் பஞ்சு உறை கிழிந்துவிட்டது. புதியது மாட்டலாம் என்று இன்று காலை கழற்றினேன். உள்ளே யூக்கலிப்டஸ் தைல வாசனை. பாடுவதற்கு முன் நீ தொண்டையில் தேய்த்துக்கொள்ளும் தைலம். அதே கையால்தான் ஹெட்போனை எடுத்து மாட்டுவாய். நீ போய்ப் பதினொரு மாதம் ஆகிறது. உறையை மேசையில் வைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

வெளியே மழை. மலை தெரியவில்லை. அலுவலகக் கூட்டத்துக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

பல்கலைக்கழகம் முடித்து, கொழும்பு நிறுவனமொன்றுக்கு வீட்டிலிருந்தே மென்பொருள் எழுதும் வேலையோடு நான் தேயிலைத் தோட்டத்துக்குத் திரும்பியபோது, எங்கள் லயத்து வரிசை வீட்டில் சிக்னல் இல்லை. பிள்ளைமடுவத்தில் இருந்தது. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுச்செல்லும் அந்த ஒற்றை அறைக்கு நீ பொறுப்பு. பள்ளியில் என் பக்கத்து வாங்கில் உட்கார்ந்திருந்தவள் நீ.

"மூலைல ஒக்காந்துக்க. ஆனா புள்ளைக முழிச்சா நீயும் தொட்டில ஆட்டணும்" என்றாய்.

ஆட்டினேன். ஒரு கை விசைப்பலகையில், ஒரு கை தொட்டில் கயிற்றில். அந்த நாட்களில் நான் எழுதிய நிரல்களில் பிழை குறைவு. ஏனென்று இன்றுவரை தெரியாது.

மாலையில் தாய்மார் பிள்ளைகளைத் தூக்கிப் போன பிறகு அறை நமக்கு. உன் ஃபோனில் பாட்டுச் செயலி. இருவர் சேர்ந்து பாடலாம். முதல் நாள் திரை கேட்டது: ஆண் பகுதியா, பெண் பகுதியா? என் விரல் அப்படியே நின்றது. நீ அதைக் கவனிக்கவில்லை.

"எனக்கு மேல ஏறாது. கீழ்க் கொரலு நான் எடுத்துக்கிறேன், நீ மேல போ" என்று நீயே இரண்டையும் அழுத்தினாய்.

அவ்வளவுதான். நான் வருடக்கணக்காகச் சுற்றிவந்த கதவு. நீ பிடியைத் திருப்பினாய்.

செயலியில் கேட்டவர்கள் பாட்டுக்குக் கீழே எழுதினார்கள். 'அண்ணனின் குரல் கம்பீரம். அக்கா உருக வைத்துவிட்டார்.' நீ தொட்டிலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். "டேய் அக்கா, அண்ணனுக்குத் தேத்தண்ணி ஊத்து" என்றாய்.

என் குரலை எனக்குப் பிடிக்கவில்லை. அதை இன்னும் மேலேற்ற ஒரு சின்ன நிரல் எழுதினேன். இரண்டு நாள் வேலை. பெருமையோடு போட்டுக் காட்டினேன். முழுதாகக் கேட்டாய்.

"யாரு இது?"

"நான்தான்."

"இல்ல. இந்தப் பொம்பளைய எனக்குத் தெரியாது. ஒன்னக் கூப்புடு, அவளோட பாடுறேன்."

அவளோட. நீ யோசித்துச் சொன்னதல்ல. ஆனாலும் அன்று சொல்லிவிட்டேன். என்னைப் பெண்ணாகத்தான் உணர்கிறேன் என்று. எவ்வளவு நாளாக என்று. நீ மடித்துக்கொண்டிருந்த குழந்தைத் துணி பாதியில் நின்றது.

"அப்ப ஒன்ன டேய்னு கூப்புடக் கூடாதோ?"

"பழகிருச்சில்ல, பரவால்ல."

"என்னா பரவால்ல? ஃபோன் மாத்துனா புதுசாப் பழகிக்கல? டேய்... ச்சீ. ஏய், அந்தத் துணிய எடு." பிறகு கொஞ்சம் கறாராக: "என்னைய மட்டும் ஆம்பளையானு கேட்டுறாத. நான் முழுப் பொம்பள. கொரலு மட்டும் இப்படி."

பள்ளியில் குழுப்பாட்டுக்கு நிற்கும்போது உன்னை வாயை மட்டும் அசைக்கச் சொன்னது எனக்கு நினைவுக்கு வந்தது. குரலும் ஆளும் ஒன்று என்று நான் ஒரே கட்டத்தில் எழுதி வைத்திருந்தேன். கட்டங்கள் இரண்டு.

பிறகு தோட்டத்துக் கோயில் திருவிழா வந்தது, மூன்று நாள். முதல் நாள் காலை, கோயில் ஒலிபெருக்கியில் நம் பாட்டு. சவுண்ட் செட் அண்ணன் எங்கிருந்தோ இறக்கியிருக்கிறார், யார் பாடியது என்று அவருக்கே தெரியாது. மலை முழுக்க என் குரல். நீயும் நானும் அம்மாவும் பீலியில் தண்ணீருக்கு நின்றிருந்தோம். அம்மா குடத்தை வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"என்னா கொரலு இந்தப் புள்ளைக்கு. பெத்தவ குடுத்து வச்சவ."

நீ என்னைப் பார்த்தாய். நான் குழாயைப் பார்த்தேன்.

அன்று மாலை, "நீயே அம்மாகிட்ட சொல்லிரு" என்று உன்னைக் கெஞ்சினேன்.

"மாட்டேன். அது ஒன்னோட பகுதி. அதுல நான் பாடினா பாட்டு கெட்டுரும்."

இரண்டாம் நாளும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் நீ உன் பகுதியைச் சொன்னாய். பீலியில் எல்லாப் பெண்களும் இருக்கும்போது, "அந்த ஆம்பளை நான்தான்."

"போடி, பொய்க்காரி" என்றார்கள். ஒரு வரி பாடிக் காட்டினாய். வாளிகள் நிரம்பி வழிந்தன. குழாயை ஒருவரும் மூடவில்லை.

"அப்ப அந்தப் பொம்பள யாருடி?"

"அவங்க வந்து சொல்லுவாங்க" என்றாய். அவங்க. என்னை அப்படி மரியாதையாக நீ அழைத்தது அந்த ஒருமுறைதான்.

அன்று அம்மா அடுப்பில் ரொட்டி போட்டுக்கொண்டிருந்தாள். குடுத்து வச்சவ என்ற சொல் அவளுடையது. அதை அவளுக்குத் தராமல் நான் வைத்திருப்பது களவு மாதிரி இருந்தது.

"அம்மா, அந்தப் பொண்ணு நான்தான்."

"எந்தப் பொண்ணு?"

"பாட்டுல. பாட்டுல மட்டுமில்ல."

ரொட்டி கருகியது. அம்மா திருப்பவில்லை. பிறகு, என்னைப் பார்க்காமல், "பாடு" என்றாள். பாடினேன். இரண்டு வரி. முடிந்ததும் கருகிய ரொட்டியைத் தன் தட்டில் போட்டுக்கொண்டு, நல்லதை எனக்கு வைத்தாள்.

ஒரு வாரம் எந்தப் பெயரும் சொல்லி அழைக்கவில்லை. "இந்தா, தேத்தண்ணி." அவ்வளவுதான். அடுத்த வாரம் ஒருநாள் வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று, "பாப்பா, கதவச் சாத்திக்க" என்றாள். உன்னிடம் ஓடிவந்து சொன்னேன். இரண்டு குழந்தைகள் விழித்துக்கொண்டன. திட்டினாய்.

எல்லாம் சரியாகிவிடவில்லை. சித்தப்பா ஒரு வருடம் வரவில்லை. வந்தபோதும் என்னிடம் பேசாமல் கணினியிடம் பேசினார். ஆனால் நான் நன்றாகத்தான் இருக்கிறேன். உனக்கு அது தெரியும். நுவரெலியா ஆஸ்பத்திரியில் உன்னைக் கடைசியாகப் பார்க்க வந்தபோது நீ என் கம்மலைத்தான் முதலில் பார்த்தாய். "சின்னதாப் போடு. இது ஒனக்கு எடுபடல" என்றாய். மூச்சு வாங்கியது. என்றாலும் சொல்லாமல் விடவில்லை.

இந்த வருடத் திருவிழாவுக்கு சவுண்ட் செட் அண்ணன் வீட்டுக்கே வந்தார். "புதுசா ஒன்னு தாங்க" என்றார்.

"ஜோடி இல்லையேண்ணே."

அம்மா உள்ளேயிருந்து கேட்டாள். "ஏன், நான் என்னா செத்தா போயிட்டேன்?" சொன்ன பிறகுதான் உன் நினைவு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

மலையில் ஆளை ஆள் கூப்பிட்டுக் கூப்பிட்டு உடைந்த குரல் அவளுக்கு. கீழே நன்றாக இறங்குகிறது. பிள்ளைமடுவத்தில் இப்போது வேறொருத்தி இருக்கிறாள். மாலையில் சாவி தந்தாள். அம்மா சேலை மாற்றிக்கொண்டு வந்தாள், போட்டோ எடுக்கப் போவதுபோல. பின்னணி இசை வேண்டாம், பயமாக இருக்கிறது என்றாள். வெறும் குரலில் தொடங்கினோம்.

இரண்டாவது வரியிலேயே பின்தங்கினாள். கையால் சைகை காட்டினாள்: நீ போ, நான் வந்துவிடுவேன்.

நான் போகவில்லை. அந்த வரியின் கடைசி எழுத்தைப் பிடித்துக்கொண்டு, அம்மா வந்து சேரும்வரை நின்றேன். என் மூச்சு அவ்வளவு நீளும் என்று எனக்குத் தெரியாது. திருவிழாவின் அந்த மூன்று நாளும், நான் வந்து சேரும்வரை நீ எனக்காகப் பிடித்து நின்றது இதைத்தான் போல.