பேறுகாலக் கித்தாபுக்கு எந்த அலமாரி?

மறுமையில் நிழலான இடத்தில் இருப்பாய் என்று நான் நம்புகிற என் ராத்தாவுக்கு,

ஸலாம். உன் தம்பி அறந்தாங்கிக் கிளை நூலகத்தில் இன்னும் நூலகராகத்தான் இருக்கிறேன். மின்விசிறி வந்துவிட்டது. மின்சாரம் வரப்போவதாகக் கடிதம் வந்திருக்கிறது.

நீ சொல்லிவிட்டுப் போனபடியே உன் அரபுத்தமிழ்க் கித்தாபுகளைக் கோட்டைப்பட்டினத்திலிருந்து நூலகத்துக்குக் கொண்டுவந்தேன். இந்தக் கடிதத்தை உன்னைத் தெரியாதவர்களும் படிப்பார்கள் என்பதால் அவர்களுக்கு ஒரு வார்த்தை. அரபி எழுத்தில் எழுதிய தமிழ் அது. வலமிருந்து இடமாக ஓடும். எங்கள் கடற்கரைப் பெண்கள் பலர் படிக்கப் பழகியது அதில்தான். தமிழ் எழுத்து தெரியாது என்று நீ சொன்னதும், கணக்கெடுக்க வந்தவர் உன்னை எழுத்தறியாதவர் என்று எழுதிக்கொண்டு போனார். அப்போது உன் மடியில் ஒரு கித்தாபு விரிந்திருந்தது.

சென்னையில் நூலகப் பயிற்சி முடித்து வந்த அன்று நான் பேசிய பேச்சு உனக்கு நினைவிருக்கிறதா? ஒரு நூலைப் பொருள், செயல், இடம், காலம் என்று கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொரு கூறுக்கும் ஓர் எண் கொடுத்து, நடுவில் முக்காற்புள்ளி வைத்துக் கோர்க்கிறார்கள் என்றேன். இன்னும் பிறக்காத துறைகளுக்குக்கூட இடத்தைக் காலியாக விட்டிருக்கிறார்கள் என்றேன். சொல்லும்போது எனக்கே உடம்பு சிலிர்த்தது. எப்போது வரும், என்ன பெயரில் வரும் என்று தெரியாத அறிவுக்கு முன்கூட்டியே பாய் விரித்து வைப்பது லேசான காரியமா? நீ மீன் கழுவிக்கொண்டே கேட்டாய்.

“பேறுகாலத்துல தலமாட்டுல ஒக்காந்து ஓதுறோமே, அந்தக் கித்தாபு எங்கிட்டு இருக்கும் தம்பி?”

“அது பாட்டு ராத்தா. இலக்கியத்துல இருக்கும்.”

“புள்ள பெறப்போறவ இலக்கியத்துக்கிட்ட எதுக்குடா வர்றா?”

“அப்ப மார்க்கம்.”

“மருத்துவச்சி கேட்டு வந்தா?”

“மருத்துவம்.”

“மூணு அலமாரியும் நீ தேடி முடிக்கங்குள்ள புள்ள பொறந்து நடந்துரும், போ.”

நீ சிரித்தாய். நான் சிரிக்கவில்லை. பயிற்சியில் சான்றிதழ் வாங்கியிருந்தேன் அல்லவா.

இப்போது செய்தி. உன் மகள் ஜுலைஹாவுக்குத் தலைப்பிரசவம் நெருங்கியது. போன வாரம் பார்க்கப் போயிருந்தேன். “உம்மா ஓதுன கித்தாபு தலமாட்டுல இல்லாம என்னால ஆகாது மாமா” என்றாள். அவளுக்கு வேண்டியது நீதான். கிடைக்கக்கூடியதாகப் பார்த்துக் கேட்டாள்.

எண் இடாத நூலை வெளியே கொடுக்கக்கூடாது என்பது விதி. எண் இடலாம் என்று உட்கார்ந்தால், உன்னுடைய அந்த மூன்று கேள்வியும் மேசையில் என் எதிரே வந்து உட்கார்ந்துகொண்டன. அந்த நேரம் பார்த்துத் திருச்சியிலிருந்து நூலக இன்ஸ்பெக்டர் வந்தார். நல்ல மனிதர். உன் கித்தாபை எடுத்து, எல்லாப் புத்தகத்தையும் திறப்பதுபோல் இடப்பக்கமிருந்து திறந்தார். “முதல் பக்கங்கள் காணவில்லை” என்று குறித்துக்கொண்டார்.

“அரபி புஸ்தகம். இங்க அரபி படிக்கிறவங்க யாருங்க இருக்காங்க? எல்லாத்தையும் கட்டித் திருச்சிக்கு அனுப்பிடுங்க.”

“சார், இது தமிழ்.”

“நான் தமிழ் எம்.ஏ.ங்க.”

அவர் கித்தாபை மூடி மேசையில் வைக்கும்போதே உன் மருமகன் காதர் உள்ளே ஓடிவந்தான். கோட்டைப்பட்டினத்திலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருக்கிறான். “மாமா, வலி எடுத்துருச்சு. கித்தாபு எங்க, கித்தாபு எங்கன்னு கெடக்கா. குடுங்க, பஸ்ஸு நிக்கிது.”

“நம்பர் இல்லாம எப்படிக் கொடுக்கிறது?” என்றார் இன்ஸ்பெக்டர். கோபமாகச் சொல்லவில்லை. அவருக்கும் மேலே ஓர் இன்ஸ்பெக்டர் இருக்கிறார்.

நான் கித்தாபை வலப்பக்கமிருந்து திறந்து உரக்கப் படித்தேன். பேரீச்ச மரத்தடியில், துணைக்கு ஒருவரும் இல்லாமல் வலி கண்ட மர்யம் அம்மாவுக்குக் காலடியில் ஊற்று பிறந்த இடம். நான் தட்டுத்தடுமாறித்தான் படித்தேன். நீ படித்தால் தண்ணீர் ஓடும். ஆனாலும் அவர் பேனாவை மூடிவிட்டார்.

“அத இன்னொரு தடவை படிங்க.”

படித்தேன்.

“தமிழ்தாங்க. நல்ல தமிழ்ங்க” என்றார். பிறகு தாடையைத் தடவினார். “சரி, எதுல வைப்பீங்க?”

“தெரியல சார்.”

காதருக்குப் பொறுக்கவில்லை. “அங்கிட்டு அவ கத்திக்கிட்டுக் கெடக்கா சார். எதுலயாச்சும் வைங்க சார்!”

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார், கித்தாபைப் பார்த்தார். “மருத்துவம்னு போடுங்க. இன்னைக்கு மட்டும்.”

ராத்தா, வகைப்பாட்டைப் பற்றி நான் படித்த எந்த நூலிலும் ‘இன்றைக்கு மட்டும்’ என்ற கூறு இல்லை. அதைச் சொன்னவருக்கும் தான் என்ன சொன்னோம் என்று தெரிந்ததாகத் தோன்றவில்லை. தேநீர் வந்துவிட்டதா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

மருத்துவ எண்ணைப் போட்டுவிட்டு நானும் காதரோடு பஸ் ஏறினேன். வீட்டை நெருங்கும்போதே சத்தம் கேட்டது. உள்ளே தெருப் பெண்கள் எல்லோரும் கூடி ஓதிக்கொண்டிருந்தார்கள். கையில் ஏடு கிடையாது. ஒருத்திக்கு அடி மறந்தால் பக்கத்தில் இருப்பவள் எடுத்துக்கொண்டாள். வலி ஏறும்போது குரல் ஏறியது, இறங்கும்போது இறங்கியது. எந்த வலிக்கு எந்த இடம் என்று அவர்களுக்கு யார் எண் போட்டுக் கொடுத்தது? கித்தாபை உள்ளே கொடுத்தனுப்பினேன். ஜுலைஹா அதை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாளாம். கடைசிவரை யாரும் அதைத் திறக்கவில்லை.

நான் வெளியே நின்றேன். உலகத்தின் அறிவையெல்லாம் அடுக்கப் படித்தவன், ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் காதை வைத்துக்கொண்டு நின்றேன். அப்படி ஒரு நூலகத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. அன்றும் பார்க்கவில்லை, கேட்டதோடு சரி. மாலை அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லி முடிந்த கொஞ்ச நேரத்தில் பிள்ளை அழுதது. பெண். தாயும் பிள்ளையும் நலம், அல்ஹம்துலில்லாஹ்.

வெளிநாட்டில் அட்டைகளில் துளை போட்டு, இயந்திரத்தை விட்டு நூல்களைத் தேடவைக்கிறார்களாம். ஒரு நூலை ஏணிப்படி மாதிரி ஒரே வரிசையில் நிறுத்தாமல், எல்லாப் பக்கத்திலிருந்தும் எட்டும்படி வைக்க முடியுமா என்று ஆராய்கிறார்கள். கேட்கவே பிரமிப்பாக இருக்கிறது. இந்த நூல் எதைப் பற்றியது என்று நாங்கள் கேட்டு முடித்துவிட்டோம். யாருக்கு, எந்த நேரத்தில், யார் தலைமாட்டில் என்று கேட்கிற வகைப்பாடு இனிமேல்தான் வரவேண்டும். அடுத்த நூலகர் மாநாட்டுக்கு இதைக் கட்டுரையாக எழுதி அனுப்பப்போகிறேன். ‘இதர’ என்ற தலைப்பின்கீழ் அச்சிடுவார்கள்.

உன் மற்ற கித்தாபுகள் திருச்சிக்குப் போகவில்லை. தமிழ் வரிசையிலேயே, வலப்பக்கம் திறந்துகொண்டு நிற்கின்றன. பேறுகாலக் கித்தாபுக்கு மட்டும் நான் அலமாரி ஒதுக்கவில்லை. அதற்குப் பதிலாக என் மேசையில் ஒரு மரத்துண்டை வைத்து, இப்போது எந்தத் தெருவில் எந்த வீட்டில் இருக்கிறது என்று சுண்ணாம்புக்கட்டியால் எழுதிவைத்திருக்கிறேன். இன்றைக்கு உன் மகள் வீடு. அடுத்து வலி எங்கே வருகிறதோ அங்கே. நான் வேலையில் இருக்கும்வரை அந்தக் கித்தாபை நூலகத்துக்குத் திரும்பி வரவிடமாட்டேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன் பேத்திக்குத் தாய்மாமன் பாட்டன் ஆகிவிட்ட,
உன் தம்பி