ஏரிக்குள் போன வண்டிகள்

தேரோட்டத்துக்கு முன்பாக எங்கள் தெருவில் தார் போடுகிறார்கள். வாசனை கூடம் வரை வந்துவிட்டது. காஞ்சிபுரம் நெடுஞ்சாலை அலுவலகத்தில் நாம் அடுத்தடுத்த மேசையில் இருந்த நாட்களில் இது நம் சட்டையை விட்டுப் போனதே இல்லை. இப்போது கருவி பொருத்திய கார் ஒன்று சாலைமேல் ஓடியே தரம் சொல்லிவிடுகிறதாம். நீங்கள் இருந்தால் அதையும் சந்தேகப்படுவீர்கள்.

நம் காலத்தில் பள்ளங்களுக்கு ஒரு மதிப்பெண், ஓடும் வண்டிகளுக்கு ஒரு மதிப்பெண். இரண்டையும் கூட்டி வரிசை போடுவோம். மேலே நிற்கும் சாலைக்குத்தான் அந்த ஆண்டு ஜல்லியும் தாரும். தென்னேரிச் சாலை எப்போதும் கடைசி. பள்ளம் நிறைய, வண்டி இல்லை. மழைக்காலத்தில் வண்டி கவிழ்கிறது என்று ஊரார் மட்டும் மனு கொடுத்துக்கொண்டே இருந்தார்கள்.

ஒரு கோடையில் கணக்கெடுக்க அங்கே புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். மாடு ஓட்டிவந்த ஒருவர் நின்றார்.

“காலையிலேர்ந்து குந்திக்கினு கீறீங்களே, பொண்ணு பாக்க வந்தீங்களாபா?”

“வண்டி எண்றோம்,” என்றீர்கள்.

“இந்த ரோட்லயா? மாட்டுக்குக் கால் வேணாமா? வண்டியெல்லாம் ஏரியில போவுது பாருங்க. ஏரி ரொம்பினா வேற வழியில்ல, இதுலதான் வந்து வுழணும்.”

வறண்ட ஏரிக்குள் வண்டிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. நீங்கள் குடையை எடுத்துக்கொண்டு இறங்கினீர்கள். சாலையில்தான் எண்ண வேண்டும் என்பது விதி என்றேன்.

“விதி இங்கயே குந்தட்டும். நீ வாபா.”

வந்தேன். பயந்தவன் ஒரு வேலையை இரண்டாகச் செய்வான். வயலுக்கு வண்டல் அள்ளிப்போகும் வண்டிகளைத் தனியாகவும், வாலாஜாபாத்துக்குப் போகும் வண்டிகளைத் தனியாகவும் குறித்தேன்.

மேலதிகாரி தாளைப் பார்த்துச் சிரித்தார். “ஏரிக்கு ரோடு போடப் போறீங்களாய்யா? அதெல்லாம் வண்டல் அடிக்கிற வண்டி.” நீங்கள் வாதாடினீர்கள், குரல் உயர்ந்தது. அவர் முகம் இறுகியது. தென்னேரியின் பெயரை அடிக்கப் பேனாவைத் திறந்தார்.

“சார், வண்டல் வண்டியைச் சேர்க்கலை. அது வேற பத்தியில இருக்கு,” என்றேன். “ரோடு நல்லா இருந்தா மீதியெல்லாம் ரோட்லதான் போகும்.”

மறுபடி படித்தார். பேனாவை மூடினார். அந்த ஆண்டு மழைக்கு முன்பே தென்னேரிச் சாலையில் ஜல்லி இறங்கியது.

வெளியே வந்ததும், “உனக்குக் குரல்னு ஒண்ணு இருக்குதாபா?” என்றீர்கள். நீங்கள் பக்கத்தில் நிற்காவிட்டால் அது வந்திருக்குமா என்பது எனக்கு இன்றும் தெரியாது.

போன வாரம் எங்கள் ஊர்க் கூட்டத்தில், யாரும் வராத நூலகத்தை எதற்கு நடத்த வேண்டும் என்றார்கள். எழுந்தேன். “வராதவங்க எங்க போறாங்கன்னு பார்த்தீங்களா?” என்றேன். முன்னால் இருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். பதில் வரும் வரை உட்காரவில்லை.