கோவிந்தன் வீட்டு எலுமிச்சம்பழம்

ஐப்பசி 14, வெள்ளி

கோவிந்தன் வீட்டுப் பலகை அறையில் இருட்டினால் கதவு தானாகத் திறந்துகொள்கிறதாம். பேய் என்று நினைத்து, வெளிப்பக்கம் கூரையடியிலிருந்து நூலில் எலுமிச்சம்பழம் தொங்கவிட்டிருக்கிறார்கள்.

"கட்டுனப்போ பழம் பலகைய ஒட்டிக்கினு இருந்துச்சு ஆசாரி. இன்னிக்குப் பாருங்க, நாலு விரல் தள்ளி நிக்குது. கிட்ட வரவே பயப்படுது" என்றாள் அவர் மருமகள் தேவி.

பழம் நேராகத்தான் தொங்குகிறது. பலகைச் சுவர்தான் தலைப்பக்கம் வெளியே சாய்ந்து, கூரையடியையும் பழத்தையும் கூடவே தள்ளியிருக்கிறது; கதவு திறந்துகொள்வதும் அதனால்தான்.

"கண்ணாலம் ஆன புள்ளைங்க உத்தரத்துக்குக் கீய படுக்கக் கூடாது, எடுத்துடு" என்று போன மாதம் கோவிந்தன் சொன்னார். இரண்டு சுவரையும் இழுத்துப் பிடித்திருந்த அந்தக் குறுக்குமரத்தை நான்தான் அறுத்தேன். எப்போதும் மரம் ரம்பத்தைக் கவ்வும். அன்று அறுத்த இடம் தானாக வாய் பிளந்தது. ஓட்டுக்கூரையின் பாரம் சுவரை வெளியே தள்ளுகிறது என்று அப்போதே தெரிந்தது. தெரிந்தும் முழுக்க அறுத்தேன்.

இன்றும் சொல்லவில்லை. "நாளைக்கு உத்திரமேரூர்ல கம்பி வாங்கிக்கினு வர்றேம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

மழை பிடித்துவிட்டது. ஓடு நனைந்து கனக்கும். தேவியும் புருஷனும் அங்கேதான் படுத்திருப்பார்கள். கூப்பிட்டுப் பார்த்தேன், அவர்கள் போனை எடுக்கவில்லை. கம்பி வரும்வரை சுவர்களை இழுத்துக் கட்ட வடக்கயிறோடு கிளம்புகிறேன். பேய் யாரென்று சொல்ல வேண்டும்.